விளையாட்டுக்கு முதலில் ஒரு மணி நேரம்

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் சேர்க்கப்படும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், நோயைப் பற்றிக் கேட்டு முடித்ததும் பெரும்பாலும் அடுத்துக் கேட்பது இதுதான்: "எத்தனை நாள் வகுப்பு போகும், டாக்டர்? பாடம் விட்டுப்போகுமே!" பிள்ளை மீண்டும் எப்போது ஓடி விளையாடலாம் என்று கேட்பவர் மிகச் சிலர். அதைக் கேட்பது அனேகமாகக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையே.

பெற்றோரின் கவலையை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. படிப்பு ஒன்றினாலேயே தலையெடுத்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் ஏராளம். தீப்பெட்டிக் கூடங்களிலும் பட்டாசுப் பட்டறைகளிலும் சிறுவர்கள் உழைத்த காலம் நம் பெரியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு அமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் தடை செய்யப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவுதல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. பட்டறையிலிருந்து வகுப்பறைக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தது பெரும் பேறு.

ஆயினும், வேலையிடமிருந்து மீட்ட அந்த நேரத்தை வேலைக்கான ஆயத்தம் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்வதை எங்கள் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் காண்கிறோம். பயிற்சி மையங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கலாகாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வை எண்ணித் தொடங்கும் ஓட்டம் ஓய்ந்தபாடில்லை.

வயிற்றுவலி சொல்லும் செய்தி

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, மாதக்கணக்கில் வயிற்றுவலி அல்லது தலைவலி என்று வருகிறது. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் யாவும் இயல்பாக உள்ளன. விடுமுறையில் வலி குறைகிறது. பள்ளி திறந்ததும் திரும்புகிறது. விசாரித்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பள்ளி முடிந்ததும் டியூஷன் சென்று, இரவு பத்தரைக்குப் படுக்கும் பிள்ளை என்று தெரியவருகிறது. கடைசியாக எப்போது விளையாடினாய் என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறது.

இத்தகைய வலியை நடிப்பு என்று கொள்ளுதல் தவறு. குடலும் மூளையும் நரம்புகளால் ஓயாது தொடர்பு கொண்டிருப்பவை. மன அழுத்தமும் தூக்கக் குறைவும் குடலின் அசைவை மாற்றி, வலியை உணரும் தன்மையையும் கூட்டிவிடும். பிள்ளை உணர்வது மெய்யான வலியே.

அதே வேளையில், எல்லா வலியையும் படிப்புச் சுமையின் மேல் ஏற்றிவிடவும் கூடாது. எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், பச்சை நிற வாந்தி, காலையில் வாந்தியுடன் வரும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

விளையாட்டு குறைந்தால் உடல் இழப்பவை

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எலும்பின் வலிமையில் பெரும்பங்கு வளரிளம் பருவம் முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. குதித்தலும் ஓடுதலும் அந்தச் சேமிப்புக்குத் துணைசெய்கின்றன.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. சில பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் பிள்ளைகளை வெளியில் விட்டனர். மூன்றாண்டுகளில் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. வெளியில் விடப்பட்டவர்களிடையே அது ஏறக்குறைய 30 ஆக இருந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. அறைக்குள் கிடைக்காத பகல் வெளிச்சமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது கண் மருத்துவர்களின் கருத்து.

தூக்கம் மற்றொன்று. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. கற்றவற்றை மூளை நிலைநிறுத்திக்கொள்வதில் தூக்கத்துக்கு முக்கியப் பங்குண்டு. தூக்கத்தைக் குறைத்துப் படிக்கும் பிள்ளை, படித்ததன் ஒரு பகுதியை அன்றிரவே இழக்கிறது.

விளையாட்டினுள் இருக்கும் ஆயத்தம்

விளையாடும் பிள்ளை வாழ்க்கைக்கு ஆயத்தமாகவில்லை என்று எண்ணுவோர் பல்லாங்குழி ஆடும் பிள்ளையைச் சற்று நேரம் கவனிக்கட்டும். காய்களை எண்ணி, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணித்து, தன் முறை வரும் வரை பொறுத்திருக்கிறது. கண்ணாமூச்சியில் விதியை மதிக்கவும், சடுகுடுவில் தோற்ற மறுகணமே எழுந்து நிற்கவும் பழகுகிறது. சண்டையிட்டுப் பிரிந்தவர்கள் மறுநாள் ஆளில்லாமல் ஆட்டம் நடவாது என்பதால் தாமே சமாதானம் ஆகிறார்கள். கவனம், பொறுமை, திட்டமிடல், பிறருடன் ஒத்துப்போதல் ஆகிய இத்திறன்களைத்தான் பின்னாளில் எந்த அலுவலகமும் எதிர்பார்க்கிறது.

இதனாலேயே, சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு மருத்துவர்கள் விளையாட்டையும் மருந்துபோல் எழுதித் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2018இல் கூறியது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, தன் 31ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே ஏற்றது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது.

வேலை பழகுவதும் நன்றே

பிள்ளைகள் வேலையே அறியாமல் வளர வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. வெங்காயம் உரிப்பதும், துணி மடிப்பதும், கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்குவதும், தந்தையின் தறியருகிலோ கடையிலோ சிறிது நேரம் உடனிருப்பதும் பிள்ளைக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை தருபவை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் 10 நாட்கள் புத்தகப் பையின்றித் தொழிலாளர்களிடம் சென்று பழகும் வாய்ப்பைப் பரிந்துரைக்கிறது. பிள்ளையின் தூக்கத்தையும் விளையாட்டையும் விழுங்காத அளவில் வேலையும் படிப்பும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நோயுற்ற பிள்ளைக்கு

நீண்ட கால நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குச் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம். "உடம்பு சரியில்லாதவன், ஓடக் கூடாது; உட்கார்ந்து படிக்கட்டும்" என்று பாசத்தோடு தடுப்பவர் பலர். பெரும்பாலான நோய்களில் அதற்குத் தேவையில்லை.

ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் பிள்ளை விளையாடலாம். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை ஆட்டத்துக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு களமிறங்கலாம். வலிப்புள்ள பிள்ளைக்கு நீச்சலிலும் உயரம் ஏறுவதிலும் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பு கட்டாயம். இதய நோயுள்ள பிள்ளைக்கு எவ்வளவு ஓட்டம் தகும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்தையும், தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அடிபடும் ஆட்டங்களையும் தவிர்க்க வேண்டும். அந்நாட்களிலும் தாயக்கட்டை உண்டு, வண்ணம் தீட்டலாம், பொம்மைக்கு ஊசி போடலாம். பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகிய பிள்ளைக்குத் தன் ஊசியின் மேலிருக்கும் அச்சம் குறைவதை எங்கள் செவிலியர் நன்கறிவர்.

சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் குழந்தைப் பருவம் நோய் தீரும் வரை காத்திருப்பதில்லை. விட்டுப்போன பாடத்தை அடுத்த ஆண்டு படித்துக்கொள்ளலாம். ஏழு வயதில் ஆட வேண்டிய ஆட்டத்தைப் பதினேழில் ஆட இயலாது.

நாளைப் பகிர்ந்து பாருங்கள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நாளை ஒரு தாளில் எழுதுங்கள். தூக்கத்துக்கு 9 மணி நேரம். பள்ளிக்கும் போய்வரவும் 8. குளியல், உணவு முதலியவற்றுக்கு 2. ஆக 19. மிஞ்சுபவை 5 மணி நேரம். அதில் வெளி விளையாட்டுக்கு ஒரு மணி நேரத்தை முதலில் ஒதுக்குங்கள். இயன்றவரை பகல் வெளிச்சத்தில். படிப்புக்கு 2 மணி நேரம் தாருங்கள். எஞ்சிய இரண்டு, குடும்பத்தோடு பேசவும், கைவேலை பழகவும், ஒன்றும் செய்யாமல் இருக்கவும் ஆகட்டும். கைப்பேசியில் ஆடும் ஆட்டத்தை வெளி விளையாட்டின் கணக்கில் சேர்க்க வேண்டா.

டியூஷன் தவிர்க்க முடியாததாயின், வாரத்தில் இரண்டு நாட்களுக்குக் குறைக்க இயலுமா என்று பாருங்கள். தெருவில் ஆட இடமில்லையெனில் மாடியோ, அருகிலுள்ள பள்ளி மைதானமோ, பூங்காவோ போதும். அடுத்த முறை எங்களிடம் வரும்போது அந்தத் தாளையும் உடன் கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்து அதையும் நாங்கள் பார்க்கிறோம்.