பலாங்கொடையும் ஓர் ஒப்பந்தமும்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளையைக் கடந்து, மலைநாட்டை நோக்கி ஏறிச் செல்லும் பெருவீதியிலே அமைந்துள்ள சிறுநகரம் பலாங்கொடை. நகரம் சிறிதாயினும் அதனைச் சூழ்ந்துள்ள பெட்டியாகலை, பின்னவலை முதலிய தோட்டப்புறங்கள் பெரியவை. சிங்களக் கிராமத்தவரும், தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரும், தமிழ் பேசும் முஸ்லிம் வணிகரும் ஒரே கடைத்தெருவிலே கொண்டும் கொடுத்தும் வாழ்ந்துவரும் ஊர் அது. அத்தகைய ஊரொன்றை 1960ஆம் ஆண்டுகள் எவ்வாறு அசைத்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1960ஆம் ஆண்டு யூலை மாதத்திலே உலகின் முதற் பெண் பிரதமராகத் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பதவியேற்றார். அவர் பிறந்த ரத்வத்தை குடும்பத்தின் மகாவலதென்னை வளவு பலாங்கொடையிலேயே உள்ளது. 1940இல் அவருடைய திருமணம் நடந்ததும் அவ்வளவிலேதான். தம் ஊர்ப் பெண்மணி உலகப் புகழ் பெற்றமை கண்டு நகரம் பெருமிதங் கொண்டதில் வியப்பில்லை. ஆயின், அவ்வளவுக்கு அயலே கொழுந்து பறித்த தொழிலாளருக்கோ அத்தேர்தலிலே வாக்களிக்கும் உரிமை பெரும்பாலும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கியிருந்தன.

இந்நிலைக்கு முடிவு காணும் நோக்குடன் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றோர் தொகை 975,000 எனக் கணிக்கப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இணக்கம் காணப்பட்டது. ஏழு பேர் செல்ல, நால்வர் தங்குவர். ஒப்பந்தத்தின் கணக்கு அதுவே. யாருடைய சம்மதத்தைக் கேட்டு இக்கணக்குப் போடப்பட்டது என்ற வினாவுக்கு மட்டும் அதில் விடை இருக்கவில்லை.

ஒப்பந்தம் எழுதப்பட்டு இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறுவோர் பல்லாண்டுகளாகக் கரையிறங்கிய துறை அது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடியது. மக்களை அனுப்பும் வழியும் புதிதாய் அமைக்கப்பட வேண்டியதாயிற்று.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் இயற்றப்பட, அதன்பின் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. அப்போதுதான் லயங்களிலே உண்மையான தவிப்புத் தொடங்கிற்று. தகப்பன் தன் பெயருடன் மனைவியையும் சிறுபிள்ளைகளையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். வயது வந்த பிள்ளைகளோ தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஒரே அடுப்பிற் சமைத்துண்ட குடும்பத்திலே மூத்தவன் ஒரு நாட்டுக்கும், இளையவன் மறு நாட்டுக்கும் உரியவராயினர். கணிக்கப்பட்ட தொகைக்கு மேலானோர் இலங்கையிலேயே தங்க விரும்பினர் என்பது கவனிக்கத்தக்கது. மாறாக, 1966இன் இறுதியிலே பங்கீட்டரிசி குறைக்கப்பட்டதும், 1967இலே நாணய மதிப்பு இறக்கப்பட்டதும் வாழ்க்கையை நெருக்கிய நாட்களில், எங்கேனும் நிலையான முகவரியொன்று கிட்டினாற் போதும் என்று இந்தியாவைத் தேர்ந்தோரும் உளர்.

அந்நாளில் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ஓப்பநாயக்கை வரை சிறிய புகைவண்டி ஓடிற்று. 1919இல் அங்கு வந்து சேர்ந்த அப்பாதை, 1976இல் அவிசாவளைக்கு அப்பால் மூடப்பட்டது. தோட்டத்தை விட்டுப் புறப்பட்டோர் கொழும்பை அடைந்து, அங்கிருந்து தலைமன்னார் புகைவண்டியேறி, கடலைக் கடந்து மண்டபம் முகாமை அடைந்தனர். அவர்களிற் பலருக்கு நீலகிரியிலே அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மலை மாறிற்று, கூடை மாறவில்லை.

எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாய்ப் பகிர்ந்துகொள்வதென 1974இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. 1984இலே கப்பற் சேவை நின்றமையால், இந்தியப் பிரசாவுரிமை பெற்றும் செல்ல இயலாதோர் இங்கேயே தங்கினர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கின. வாலிபப் பருவத்தில் விண்ணப்பித்தவர் முதுமையில் விடை பெற்றனர்.

இலங்கையில் வாழ்ந்தபோது இம்மக்களை 'இந்தியத் தமிழர்' என்றனர். நீலகிரிக்குச் சென்றபின் அங்குள்ளோர் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். இரு கரையும் மறுகரையின் பெயரையே சூட்டின. வளவொன்றிற் பிறந்த பெருமையும், லயமொன்றைப் பிரிந்த துயரும் ஒரே ஊரின் நினைவுகளே. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுத்தால், பலாங்கொடையின் வரலாறு பாதி வரலாறாகவே நிற்கும்.