குண்டுக்கரிச்சானும் அழுங்கும்

பயிருக்கும் வீட்டு மரங்களுக்கும் கேடு செய்யும் பூச்சிகளைக் கூலியின்றி அழிக்கும் பிராணிகள் பல உண்டு. அவற்றுள் இரண்டை இங்கே ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று, வேனிற்கால விடியலில் மரக்கிளையில் அமர்ந்து இனிமையாகப் பாடும் குண்டுக்கரிச்சான். மற்றொன்று, பகலெல்லாம் வளையில் உறங்கி, இரவில் வெளிவந்து எறும்பையும் கறையானையும் தின்னும் அழுங்கு. இதனை எறும்புதின்னி என்றும் கூறுவர்.

பிராணி நூலார் உயிர்களை வகுப்பு, வரிசை, குடும்பம், இனம் எனப் பிரிப்பர். குண்டுக்கரிச்சான் பறவை வகுப்பில், கிளையைப் பற்றி அமரும் பறவைகளின் வரிசையைச் சேர்ந்தது. உலகப் பறவையினங்களில் பாதிக்கு மேற்பட்டவை, அதாவது 6,000-க்கும் அதிகமானவை, இவ்வரிசையில் அடங்கும். அழுங்கு செதில் போர்த்திருப்பினும், உடும்பைப் போன்ற ஊர்வன அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கேயாம். நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே அதன் செதிலும் ஆனது. அதன் வரிசையில் ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4, ஆக 8 இனங்களே நெடுநாளாக எண்ணப்பட்டு வருகின்றன.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் குண்டுக்கரிச்சான் கவலைக்கிடமற்ற இனம். இந்திய அழுங்கோ அழியும் அபாயத்திலுள்ள இனம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? குண்டுக்கரிச்சான் ஓர் ஈட்டில் நான்கைந்து முட்டையிடும். மரப்பொந்தோ சுவர்ப்பொந்தோ கிடைத்தால் ஊரிலேயே கூடு கட்டும். அழுங்கு பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். சிறுத்தையைக் கண்டு பந்துபோல் சுருண்டு தப்பும் அது, மனிதனிடம் அவ்வாறு சுருண்டதனாலேயே எளிதில் அகப்படுகிறது. செதிலுக்கு மருத்துவ குணம் உண்டென்னும் ஆதாரமற்ற நம்பிக்கையே அதற்கு எமனாயிற்று. அழுங்குகளின் சர்வதேச வியாபாரத்தைத் தடுக்க உலக நாடுகள் 2016-இல் தீர்மானித்தன.

எண்ணிக்கை மிகுந்த இனமும் அஜாக்கிரதையால் அருகும். கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்ததனால் சிங்கப்பூரில் குண்டுக்கரிச்சான் 1970-களில் மிக அரிதாயிற்று.

அங்கத்தினர்களே! முதலையே செலவிட்ட சங்கத்திற்கு வட்டி வரவு ஏது? ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும் இனத்தில் ஓர் அழுங்கைக் கொல்வது முதலைக் கரைப்பதாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அழுங்கை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. செதில் கேட்டு வரும் தரகருக்கு இடங்கொடாதீர்கள். அழுங்கு கிணற்றிலோ வேலியிலோ சிக்கியிருப்பின் வனத்துறையினருக்கு உடனே அறிவியுங்கள். பொந்துள்ள பழைய மரத்தை விறகுக்கு வெட்டுமுன் குண்டுக்கரிச்சானின் குடியிருப்பையும் நினைவிற் கொள்ளுங்கள்.