தானாக முளைக்கும் காய்கறிச் செடிகள்

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து ஒரு வாரஞ் சென்றதும், கிணற்றடியிலும் குப்பைமேட்டிலும் வாழைப் பாத்தியிலும் எவரும் விதையாத நாற்றுக்கள் தலைகாட்டுகின்றன. தக்காளி, பூசணி, மிளகாய், கீரை என்பனவே இவற்றுட் பெரும்பாலானவை. சமையற் கழிவுடனும் நன்கு உக்காத கூட்டெருவுடனும் தோட்டத்தை அடைந்த விதைகளே இவ்வாறு முளைக்கின்றன. கூட்டெருக் குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறிச் சில நாள் அவ்வாறே இருப்பின் விதைகளிற் பெரும்பாலானவை இறந்துவிடும். விளிம்பிற் கிடப்பவையோ பிழைத்துக்கொள்ளும். ஆதலாற் குவியலை இடைக்கிடை புரட்டிவிடுதல் வேண்டும்.

செலவின்றிக் கிடைத்த நாற்றென்று அனைத்தையும் வளரவிடுதலும் நன்றன்று. களையென்று அனைத்தையும் பிடுங்கியெறிதலும் நன்றன்று. இன்ன பயிரென அறிந்தே தீர்மானித்தல் வேண்டும்.

கீரையைப்பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. நெருங்கி முளைத்தவற்றை ஐதாக்கினால், பிடுங்கியவை கறிக்கு உதவும். ஆனால் குப்பை நிலத்திற் கீரையுடன் நச்சுச் செடியாகிய ஊமத்தையும் முளைப்பதுண்டு. அதன் இலையைக் கசக்கினால் துர்நாற்றம் வீசும். பிடிபிடியாகப் பறியாது ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறித்தல் வேண்டும்.

மிளகாய், கத்தரி நாற்றுக்களை நான்கைந்து இலை விட்டதும் மாலை வேளையில் நீரூற்றி, வேர்மண்ணுடன் கிளப்பி, வேண்டிய இடத்தில் நடலாம். தாய்ச்செடி கலப்பின விதையிலிருந்து வந்ததாயின் பிள்ளைச் செடிகள் ஒன்றுபோலிரா. இரண்டொரு செடி வைத்துப் பார்ப்பதிற் குற்றமில்லை. பாத்தி முழுவதையும் அவற்றுக்கு ஒப்படைத்தல் தகாது.

தக்காளியில் நோயே பெரிதுங் கவனிக்கற்பாலது. சென்ற போகத்துப் பாத்தியில் முளைத்த செடி, இரு போகங்களுக்கு இடையே வெண் ஈக்களையும், அவை பரப்பும் இலைச்சுருள் வைரசையும் தாங்கி நின்று, புதிய நாற்றுக்களுக்கு அந்நோயைக் கொடுக்கும். இலை சுருண்ட செடியை உடனே அகற்றுக. பச்சையிலையுடனேயே செடி திடீரென வாடுமாயின், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் தொங்கப் பிடித்துப் பார்க்க. சில நிமிடங்களிற் பால்போன்ற இழை கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல் நோயாகும். இதற்கு மருந்தில்லை. செடியை வேருடன் கிளறி எரித்துவிட்டு, அவ்விடத்திற் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்துச் சோளம் போன்றவற்றைப் பயிரிடுக.

சுரை, பீர்க்கு, பூசணி இனங்களில் இதனினும் பெரிய அபாயமுண்டு. வேலியோரத்துப் பேய்ச்சுரையின் மகரந்தத்தை வண்டுகள் நற்சுரையின் பூவிற் சேர்த்துவிடலாம். அவ்வாண்டுக் காயில் வேறுபாடு தோன்றாது. அதன் விதையிலிருந்து முளைக்குங் கொடியே கசப்புக் காயைக் காய்க்கும். பாகலுக்கு அருகில் நட்ட சுரை கசக்குமெனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வீணானது, அவையிரண்டும் தம்முட் கலப்பதில்லை. ஆனால் சுரையிற் கசப்பு உண்டாயின், அஃது எவ்வாறு வந்ததாயினும், நஞ்சென்றே கொள்ளல் வேண்டும். அந்நஞ்சு சமைத்தாலும் அழியாது. உப்பும் புளியும் அதனை மாற்றா. இந்தியாவிற் கசப்புச் சுரைக்காயின் சாற்றைக் குடித்து மாண்டோருமுண்டு.

ஆகவே, தானாக முளைத்த சுரையிலும் பீர்க்கிலும் ஒவ்வொரு காயையும் சமைக்குமுன் காம்புப் பக்கத்திற் சிறு துண்டு வெட்டி நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடல் வேண்டும். கசந்தாற் காயைப் புதைத்துக் கொடியையும் வேருடன் அகற்றுக. மாட்டுக்கும் இடலாகாது, விதைக்கும் வைக்கலாகாது. கசப்புக் காயை உண்டபின் வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால், கைமருந்து பார்த்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க; உண்ட காயில் மிஞ்சியதையும் உடன் கொண்டுசெல்லுதல் நன்று.