சுகாதாரத் திட்டத்தில் எமது குரல் எங்கே?

நான் ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். 2012இல் படகேறி வந்து, இன்று மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கே ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். சட்டத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என்னோடு வேலை செய்த ஓர் அண்ணரின் கால்தான் என்னை எழுத வைத்தது.

அண்ணர் வன்னியைச் சேர்ந்தவர், ஐம்பது தாண்டியவர். இறப்பர் சப்பாத்தோடு இரவு முழுவதும் ஈரத் தரையில் நிற்பவர். காலில் ஒரு புண் வந்தது. லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்று மறைத்து விட்டார். தனக்கு நீரிழிவு இருப்பது அவருக்கே தெரியாது. நாலைந்து வருடமாக இரத்தம் சோதித்ததில்லை. காய்ச்சலோடு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னது யார் தெரியுமா? அவருடைய பன்னிரண்டு வயது மகள். "அப்பா, உங்கட ரெண்டு விரலை எடுக்க வேணுமாம்" என்று அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டியிருந்தது.

இது யாருடைய பிழை? வைத்தியம் ஒரு பக்கம், வேலைத்தலம் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம் என்று தனித்தனியே கிடந்தன. நடுவில் இருந்த பள்ளத்தில் அண்ணர் விழுந்தார்.

ஊரில் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் போட வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மருத்துவமாது சைக்கிளில் வந்து பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துப் போவார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் வழியில் வந்த வேலை அது. வருத்தம் வந்த பிறகு நாம் ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு. வருத்தம் வராமலிருக்க ஒருவர் நம் வாசலுக்கு வருவது வேறு.

விக்ரோறியா மாநிலத்தில் அந்த இரண்டாவது வேலைக்கு ஒரு சட்டமே இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார, நல்வாழ்வுச் சட்டம் என்பது அதன் பெயர். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாலு வருடத்துக்கு ஒருமுறை மாநில அரசு ஒரு சுகாதாரத் திட்டம் போட வேண்டும். மாநிலத்தில் உள்ள 79 உள்ளூராட்சிச் சபைகளும் பொதுத் தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்குள் தங்கள் பகுதிக்கென்று திட்டம் போட வேண்டும். மக்களின் சுகநிலை பற்றிய கணக்குகளைப் பார்க்க வேண்டும், சுகாதாரத் திணைக்களத்தோடும் மற்ற அமைப்புகளோடும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், வருடா வருடம் திட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

2023 முதல் 2027 வரையான மாநிலத் திட்டத்தில் பத்து விடயங்கள் முன்னுரிமை பெற்றுள்ளன. நல்ல சாப்பாடு, உடலுழைப்பு, மனநலம், புகைத்தல், மது, வன்முறை, விபத்துக் காயங்கள் எல்லாம் அதில் உண்டு.

சேர்ந்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாநிலத்தின் வீதிகளே சாட்சி. 1970இல் இங்கே வீதி விபத்தில் இறந்தவர்கள் 1061 பேர். சத்திரசிகிச்சை நிபுணர்களும் பத்திரிகைகளும் குரல் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில், உலகிலேயே முதன்முதலாக, காரில் ஆசனப் பட்டி கட்டுவது கட்டாயமானது. 1976இல் பொலிஸார் சாரதிகளை வழியில் மறித்து மது சோதிக்கத் தொடங்கினார்கள். வீதிகளும் திருத்தப்பட்டன. 2020 முதல் 2023 வரை எந்த வருடத்திலும் இறந்தவர் தொகை 300ஐ எட்டவில்லை. சனமும் வாகனமும் பெருகிய பிறகு இந்த நிலை! தனியே ஒரு டொக்டரால் இதைச் செய்திருக்க முடியுமா?

இனி எமது கதைக்கு வருவோம். அந்தச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: உள்ளூரில் வாழும் மக்களையும் திட்டத்தில் பங்கெடுக்க வைக்க வேண்டும். கவனியுங்கள், பிரஜைகள் என்று சொல்லவில்லை, மக்கள் என்றே சொல்கிறது. வாக்குரிமை இல்லாதவரும், விசா முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவரும் அதற்குள் அடக்கம்.

எங்கள் பகுதிச் சபையும் கருத்துக் கேட்டுக் கடிதம் போட்டது. பீட்சா விளம்பரத்தோடு சேர்த்து நானும் குப்பையில் போட்டிருப்பேன். அண்ணரின் கால் நினைவுக்கு வந்ததால் போனேன். கூட்டம் வைத்ததோ வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு! நித்திரை இல்லாமல் போய் இருந்தேன். தமிழ் முகம் வேறு ஒன்றும் இல்லை. என் உடைந்த ஆங்கிலத்தில் மூன்று விடயம் சொன்னேன். இரவு வேலைக்காரருக்கு ஏற்ற நேரத்தில், வேலைத்தலத்துக்கே வந்து இரத்தம் சோதியுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். கூட்டத்தை எங்கள் சனம் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். ஒரு பெண்மணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு வந்த திட்ட வரைவில் இரவு வேலை செய்பவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஒரு வரிதான். ஆனால் முன்பு அதுவும் இருக்கவில்லை.

எம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் நினைவு நாளுக்கும் மண்டபம் நிறையும். சபைக் கூட்டம் என்றால், "அது வெள்ளைக்காரரின் அலுவல்" என்போம். அரசாங்கக் கடிதம் என்றாலே பயந்து பழகியவர்கள் நாம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாம் வாய் திறக்காவிட்டால், திட்டம் போடுபவருக்கு எமது வருத்தம் எப்படித் தெரியும்?

கடைசியாக நடந்த சபைத் தேர்தல் 2024 ஒக்ரோபரில், அடுத்தது 2028இல். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வருடாந்த மீளாய்வின்போதும் கருத்துச் சொல்லலாம். எழுத வராது என்றால் நாலு பேர் கூடித் தமிழில் சொல்லுங்கள், ஆங்கிலம் தெரிந்த இளம்பிள்ளை ஒருவர் எழுதட்டும். டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். 131 450 என்ற தொலைபேசிச் சேவையைக் குடும்ப வைத்தியர்கள் மெடிகெயர் நோயாளிகளுக்கு இலவசமாகப் பெறலாம்.

அண்ணர் இப்போது வேலைக்குப் போவதில்லை. போன கிழமை பார்க்கப் போனேன். "அடுத்த கூட்டம் எப்ப தம்பி? நானும் வாறன்" என்றார். அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போவேன். இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.