வீட்டுப் பொருட்களாலான புகைக்கருவிகளின் நச்சுத்தன்மை

கஞ்சா புகைப்பதற்காகக் குளிர்பான டின், நெகிழிப் புட்டி, தண்ணீர்க் குழாய்த் துண்டு முதலியவற்றைக் கொண்டு சிலர் தாமே கருவிகள் செய்வதுண்டு. இப்பொருட்கள் கங்கின் வெப்பத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. எனவே கஞ்சாப் புகையின் தீங்குடன் இவற்றின் நச்சும் நுரையீரலைச் சேர்கிறது.

பலரும் அஞ்சுவது அலுமினியத்தை. அது 660 °செ. வெப்பநிலையில் உருகினாலும், கொதிப்பதற்கு 2,400 °செ.க்கும் மேல் வேண்டும். கங்கின் சூட்டில் ஆவியாவதில்லை. டின்னின் வெளிப்புற மையும் உட்புறப் பிசின் பூச்சுமே முதலில் கருகிப் புகைகின்றன.

பி.வி.சி. குழாய் சூடேறிச் சிதையும்போது ஐதரசன் குளோரைடு வளிமம் வெளிப்படும். இது ஈரத்தில் கரைந்து அமிலமாகி மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகிறது. இணைப்புகளில் சுற்றும் டெஃப்லான் நாடாவும் கடுஞ்சூட்டில் காய்ச்சலை உண்டாக்கும் புகையைத் தரும்.

உலோகப் புகைக் காய்ச்சல்

துத்தநாகம் பூசிய இரும்பையோ பித்தளையையோ கடுந்தீயில் காய்ச்சினால் துத்தநாக ஆக்சைடுப் புகை எழும். பற்றவைப்புத் தொழிலாளர் இதனை நன்கறிவர். புகையை உட்கொண்ட சில மணி நேரத்திற்குப் பின்னரே குளிர்காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை ஆகியன தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். சளிக்காய்ச்சலை ஒத்திருப்பதால், நோயாளி மறைத்தால் மருத்துவர் காரணத்தை அறிவது கடினம்.

காட்மியம் கலந்த பற்றாசு அல்லது பூச்சின் புகையும் தொடக்கத்தில் இவ்வாறே தோன்றும். ஆயினும் அது தானாகத் தணிவதில்லை. ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரையும் பறிக்கக்கூடும். காய்ச்சலுடன் மூச்சுத்திணறலும் கூடினால் உடனடி மருத்துவமனைச் சிகிச்சை தேவை. எதைச் சூடாக்கினார் என்பதையும் மருத்துவரிடம் கூறவேண்டும்.