செஞ்சிக் கோட்டையில் ஒரு சீட்டுப் பாடம்!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள், செஞ்சி வந்ததும் ஜன்னல் வழியே கழுத்தை வளைத்து மலையைப் பார்ப்பார்கள். 'அடேயப்பா!' என்பார்கள். அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டுத் தூங்கிப் போவார்கள்.

ஒரு தடவை இறங்கித்தான் பாருங்களேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை. முக்கியமாக, சம்பளம் வாங்கிய கையோடு சீட்டுக் கட்டைப் பிரிக்கிறவர்கள் அவசியம் இறங்க வேண்டும். அந்தக் கோட்டைக்குள் இரண்டு ஆட்டக்காரர்களின் கதை இருக்கிறது.

முதல் ஆசாமியை உங்களுக்குத் தெரியும். குதிரையில் பறக்கிற நம்ம தேசிங்கு ராஜாதான். நிஜப் பெயர் தேஜ்சிங். 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், கப்பப் பாக்கி கேட்டுப் படையோடு வந்தார். நவாபிடம் ஆயிரக்கணக்கில் ஆட்கள். தேசிங்கிடம் சில நூறு குதிரை வீரர்கள். மூன்று மலை, மதில், அகழி என்று எல்லாம் இருந்தும், இளரத்தம் கேட்கவில்லை. வெளியே பாய்ந்தார். அன்றைக்கே உயிரும் போயிற்று, கோட்டையும் போயிற்று. போக்கர் மேஜையில் இதற்கு 'ஆல் இன்' என்று பெயர். கையில் இருப்பதை எல்லாம் ஒரே சீட்டில் தள்ளிவிடுவது!

இரண்டாவது ஆசாமி சிவாஜியின் மகன் ராஜாராம். மொகலாயர்கள் துரத்த, 1689-ல் அவர் தஞ்சம் புகுந்த இடம் இதே செஞ்சி. ஒளரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல்! அதற்குள் ராஜாராம் தப்பித்து மராட்டிய நாடு போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சண்டையைத் தொடர்ந்தார். கோட்டை போயிற்று, ஆட்டம் போகவில்லை.

ஒருவருக்கு ஒரு நாள். இன்னொருவருக்கு ஏழெட்டு வருஷம். எப்படி? மலையடிவாரத்துக்குப் போனால் தெரியும்.

களஞ்சியம்

ராஜகிரி மலை அடிவாரத்தில், கல்யாண மஹாலுக்குக் கொஞ்ச தூரத்தில், தடித்த சுவரோடு நெல் களஞ்சியம் நிற்கிறது. முற்றுகைக் காலத்தில் கோட்டையைக் காப்பது வாள் மட்டுமல்ல. இந்த நெல்லும் குளத்துத் தண்ணீரும்தான்.

போக்கர்காரர்கள் இதை 'பேங்க்ரோல்' என்கிறார்கள். (பேங்க் லோன் இல்லை ஸார், அது வேறு வியாதி!) ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணம். முழுசும் போனாலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். வாடகை, பால் பாக்கி, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் இதெல்லாம் பேங்க்ரோல் ஆகாது. தர்மபுத்திரர் செய்த முதல் தப்பே இதுதான். நாட்டையும் தம்பிகளையும் பெண்டாட்டியையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார்.

மூன்று மலை

செஞ்சிக் கோட்டை ஒரு மலையில் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று. ஒன்று போனால் இன்னொன்று நிற்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நீங்கள் நல்ல ஆட்டக்காரர். நூற்றுக்கு அறுபது தடவை ஜெயிக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் மொத்தப் பணத்தையும் வைத்தால், அஞ்சு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து எழுந்திருக்க வாய்ப்பு நூற்றுக்கு எட்டுகூடக் கிடையாது. மீதி 92 பேர் பஸ் காசுக்குக் கடன் கேட்பார்கள். அதே ஆள் பணத்தை இருபது பங்காக்கி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு பங்கு வைத்தால்? முதல் இருபது ஆட்டத்தையும் வரிசையாகத் தோற்க, சுமார் ஒன்பது கோடியில் ஒரு வாய்ப்பு!

திறமை அதேதான். வைத்த அளவுதான் வேறு. அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் இந்த 'நூற்றுக்கு ஐந்து' விதியைப் பிடித்துக்கொண்டு, 2006-ல் கையில் காசே இல்லாமல், இலவசப் போட்டிகளில் ஆரம்பித்துப் பத்தாயிரம் டாலர் சேர்த்துக் காட்டினார்.

மரப்பாலம்

ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பாறைப் பிளவு. அதன்மேல் ஒரு மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியது. அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் வர முடியாது.

நமக்கும் ஒரு பாலம் வேண்டும். 'இன்றைக்கு இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன்' என்று உட்காருவதற்கு முன்பே முடிவு செய்வது. 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று சொல்கிறபோது மூளை ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருக்கும். மேஜையில் இருப்பது வெறும் கோபம்தான்.

ஸ்டூ அங்கர் என்று ஓர் அமெரிக்கர். ஜின் ரம்மியில் அவரோடு உட்காரவே ஆட்கள் பயப்பட்டார்கள். போக்கருக்கு வந்து 1980, 81, 97 என்று மூன்று முறை உலக சாம்பியன். 97-ல் பரிசு மட்டும் பத்து லட்சம் டாலர்! அடுத்த வருஷம் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான லாட்ஜ் அறையில் இறந்து கிடந்தார். பந்தயமும் போதையும் தின்றது போக, கையில் இருந்தது சில நூறு டாலர். திறமைக்குப் பஞ்சமில்லை. பாலம்தான் இல்லை.

எலி!

'அப்படின்னா கணக்கா ஆடினா ஜெயிச்சுடலாமா ஸார்?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அவசரப்படாதீர்கள்.

மேஜை போடுகிறவருக்குக் கமிஷன் உண்டு. சமமான திறமையுள்ள நாலு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு நூறு. மேஜைக்காரர் பத்து சதவீதம், அதாவது நாற்பது ரூபாய் எடுக்கிறார். நூறு ஆட்டம் முடிந்தால் நாலாயிரமும் அவர் கல்லாவில்! களஞ்சியத்தில் எலி இருந்தால் படியளந்து என்ன பிரயோஜனம்? எலியையும் மீறி ஜெயிக்கிற திறமை உள்ளவருக்குத்தான் பேங்க்ரோல் கணக்கு உதவும். மற்றவர்களுக்கு அது தோற்கிற நாளைத் தள்ளிப் போடும், அவ்வளவே.

இந்த எலி செல்போனுக்குள்ளும் புகுந்தது. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் கடன் வாங்கியதையும் தொலைத்து உயிரை விட்டவர்கள் செய்தி தமிழ்நாட்டில் எத்தனை படித்தோம்! மாநில அரசு தடைச் சட்டம் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது.

'நான் சீட்டே தொடமாட்டேன், ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் மட்டும்தான்' என்கிறவர் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம் என்று செபியே கணக்குச் சொல்லியிருக்கிறது. அங்கேயும் களஞ்சியம், மலை, பாலம், எலி எல்லாம் உண்டு.

ஆகவே, தீபாவளி ராத்திரி மச்சான்களோடு வேர்க்கடலை வைத்து ஆடுங்கள். தோற்றால் கடலைதான் போகும். ஜெயித்தால் வயிற்று வலி!

அதற்கு மேல் கை பரபரத்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துத் தோற்ற தேசிங்குக்கு ஊரே பாட்டுக் கட்டியது. நமக்கு யாரும் கட்டமாட்டார்கள். வாசலில் நின்று கடன்காரன்தான் பாடுவான்!