கருவியும் கழனியும் – 7: ஆரணி வயலுக்கு எந்தக் கட்டு?

ஆரணி என்றதும் புடவைக் கடைக்காரருக்குப் பட்டு நினைவுக்கு வரும், மண்டிக்காரருக்கு அரிசி. மாடு வைத்திருப்பவரின் கணக்கோ வைக்கோலில் தொடங்குகிறது. ஆளறுப்புக் காலத்தில் கதிரோடு களத்துக்கு வந்த தாள், அடித்து உதறியபின் வீட்டுப் போராகிவிடும். இப்போது பெல்ட் வண்டி என்ற அறுவடை மிஷின் நெல்லை மட்டும் கொட்டிவிட்டு, வைக்கோலை வயலிலேயே வரிசையாக விட்டுப் போகிறது. அதை வாரிச் சேர்க்கும் கூலி வைக்கோலின் விலையையே தின்றுவிடுவதால், டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் கட்டு மிஷின் தேவைப்படுகிறது. உருளைக் கட்டுப் போடுவதா, சதுரக் கட்டுப் போடுவதா, எதை வாங்குவது என்று கேட்டால், மணிக்கு எத்தனை கட்டு என்றுதான் விற்பவர் சொல்வார். கட்டை யார் தூக்கப் போகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

உருளைக் கட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1947இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோட்டோ-பேலர் போட்டது, ஆள் தூக்கக்கூடிய சின்னக் கட்டு. 1971இல் அயோவாவின் வெர்மியர் நிறுவனம் ராட்சத உருளையைக் கொண்டுவந்தது. பண்ணையில் ஆள் கிடைக்காத, ஆனால் தூக்கி வைக்க இயந்திரம் இருந்த ஊருக்கான தீர்வு அது. ஒன்றிரண்டு ஏக்கரும் குறுகிய வரப்பும் உள்ள நம் பக்கத்தில் பெரிய உருளையை வயலிலிருந்து நகர்த்தவே வழியில்லை. சுமார் 2 அடி குறுக்களவும் 3 அடி நீளமும், 15 முதல் 25 கிலோ வரை எடையுமாக வரும் சின்ன உருளைதான் தொழுவத்து வேலை பார்க்கும் பெண்ணின் கைக்கு அடங்கும்.

சதுரக் கட்டு லாரியில் இடைவெளியில்லாமல் அடுக்கலாமே என்பார்கள். உண்மைதான், உருளைகளை நேர் வரிசையாக அடுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இடம் வெறுமையாகப் போகும். வெளியூருக்கு லாரி லாரியாக அனுப்பும் வியாபாரி சதுரத்தையே வாங்கட்டும். பக்கத்து ஊர் மாட்டுக்குப் போகும் வைக்கோலுக்கு அந்த இடக்கணக்கு பெரிதில்லை. சதுர மிஷினின் உயிர் முடிச்சுப் போடும் பகுதியில் இருக்கிறது. அது பிசகினால் வேலை நிற்கும், சரிசெய்யத் தெரிந்தவரைத் தேட வேண்டும். சின்ன உருளை மிஷின் கயிற்றைச் சுற்றி அறுத்துவிடுகிறது, முடிச்சே கிடையாது. ஒவ்வொரு கட்டுக்கும் வண்டியை நிறுத்த வேண்டுமே என்ற குறை நியாயமானது. சொர்ணவாரி அறுப்பில் சாயங்கால மழை மிரட்டும்போது அது உறுத்தத்தான் செய்யும். அதற்காக ஈரத்தாளைச் சுற்றினால் பூஞ்சணம் பிடித்த கட்டுதான் மிஞ்சும். வைக்கோல் காய்ச்சலுக்கு மாற்று எந்த மிஷினிலும் இல்லை. கயிறு சணலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கயிறு மாட்டின் வயிற்றுக்குள் போனால் மருத்துவச் செலவு தனி.

மானியம் கிடைக்கிறதே, ஆளுக்கொன்று வாங்கினால் என்ன? சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் விலையில் பாதி வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, வேளாண் பொறியியல் துறை வழியாகக் கிடைப்பது உண்மை. ஆனால் மீதிப் பாதி நம் பணம். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகம் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் வைக்கோல் கட்டும் நாட்கள் சொற்பம். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் துருப்பிடிக்கும் இரும்புக்கு வட்டி கட்டுவது வீண். சொந்த வயலோடு சுற்றுவட்டத்து வாடகை வேலையும் உறுதியாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் உழவர் குழுவாகச் சேர்ந்து வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோதான் சரி. வாங்குவதென்று முடிவுசெய்தால், முன்பணம் கொடுக்குமுன் உங்கள் டிராக்டரில் பூட்டி, உங்கள் வயல் வைக்கோலிலேயே கட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.